தேய்க்கும் கை

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், நாம் பணிபுரியும் கல்லூரியின் ஆசிரியர் அறை மேசைமீது உருண்டை டப்பா ஒன்று வந்து அமர்ந்தது. வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பியதென்று துறைத் தோழி கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்தால், புளிப்பு வாடை வீசும் நீரில் ஊறிய பஞ்சு வட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அறுபது. எக்ஸ்ஃபோலியேட்டிங் பேட் என்று மேலே எழுதியிருந்தது. இரவில் ஒரு வட்டை எடுத்து முகத்தில் தேய்த்துவிட்டு உறங்கினால் பழைய தோல் கழன்று, காலையில் முகம் பளிங்குபோல் இருக்குமாம். நாற்பதைக் கடந்த ஐந்து விரிவுரையாளர்கள் அந்த டப்பாவைச் சுற்றி நின்ற காட்சியை மாணவியர் எவரும் காணாதது நம் நல்லூழ். ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுத் தரத் தோழி முன்வந்தார். மற்றவர்கள் தயங்கினர். நாம் முழு டப்பாவையே கேட்டு வாங்கிக்கொண்டோம்.

முதல் வாரம் முகம் உண்மையிலேயே வழவழப்பாயிற்று. அந்த மகிழ்ச்சியில் இரண்டாம் வாரம் காலையிலும் ஒருமுறை தேய்த்தோம். மூன்றாம் வாரம் சோப்பு நுரை பட்டாலே கன்னம் எரிந்தது. நான்காம் வாரம் இரு கன்ன எலும்புகளின்மீதும் புளியங்கொட்டை நிறத்தில் ஒரு நிழல் படர்ந்தது. தோல் மருத்துவரிடம் சென்றோம். நம் பழைய மாணவியருள் ஒருவரின் வயதுதான் இருக்கும் அவருக்கு. முகத்தை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "தேய்க்கிறது சுலபம் மேடம். எப்ப நிறுத்தணும்னு சொல்லத்தான் இப்ப பக்கத்துல யாரும் இல்லை" என்றார். களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்து, சில மாதங்களுக்கு வெயிலில் கவனமாக இருக்கும்படி சொல்லி அனுப்பினார்.

களிம்பின் பெயர் மறந்துவிட்டது. 'பக்கத்துல யாரும் இல்லை' என்ற சொல் மட்டும் நம்மை விடவில்லை. மனிதர் தம் தோலைத் தேய்த்து வந்த வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். எதைக்கொண்டு தேய்த்தார்கள் என்பதைத் தேடப்போய், யாருடைய கை தேய்த்தது என்ற கேள்வியில் வந்து நின்றோம்.

தமிழாசிரியர் தொழிலுக்கேற்ப முதலில் சொல்லைப் பார்த்தோம். எக்ஸ்ஃபோலியேஷன் என்ற சொல்லின் வேர் இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல். மரம் இலையுதிர்ப்பது போலத் தோல் தன் ஏடுகளை உதிர்க்கிறது என்பது அதன் உட்பொருள். தமிழ் இன்னும் நெருங்கிச் செல்கிறது. 'உரி' என்பது வினையானால் தோலை நீக்குதல். பெயரானால் அந்தத் தோலே. 'தொலி'யும் அப்படித்தான்: தொலித்தல் என்றால் உமி நீக்குதல், தொலி என்றால் தோல். தோலுக்கும் அது கழல்வதற்கும் ஒரே சொல்லை வைத்த முன்னோர், தோல் ஓயாமல் கழன்றுகொண்டே இருப்பது என்பதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். இதை மொழியியல் முடிவாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டா. ஒரு வாசகியின் வியப்பு, அவ்வளவே.

தேய்த்தலைப் பொது வாழ்வின் நடுவில் வைத்து, அதைப்பற்றி நிறைய எழுதியும் வைத்தவர்கள் கிரேக்கரும் ரோமானியரும். (ரோமானியர் என்றதும் வாசகர் மனம் முசிறிக்கும் அரிக்கமேட்டுக்கும் ஓடும். இந்தக் கதையில் மிளகுக்கு வேலையில்லை.) அவர்கள் உடலைத் துலக்கியது பெரும்பாலும் சோப்பினால் அன்று. உடல் முழுவதும் எண்ணெய் பூசி, உடற்பயிற்சி செய்து, வியர்வையும் புழுதியும் எண்ணெயும் குழைந்து நிற்கும்போது ஸ்ட்ரிஜில் என்னும் கருவியால் அதை வழித்தெடுப்பார்கள். ஸ்ட்ரிஜில் என்பது கைப்பிடி கொண்ட, அரிவாள்போல் வளைந்த உலோகத் தகடு. வெண்கலத்திலும் இரும்பிலும் செய்யப்பட்டது. வளைவின் உட்பக்கம் வாய்க்கால்போல் குழிந்திருக்கும். வழித்த எண்ணெய் அதன் வழியே ஓடி விழும். அழுக்கோடு மேல்தோலின் செத்த ஏடுகளும் வந்துவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வழிப்புக்கு கிரேக்க மொழியில் க்ளோயோஸ் என்று பெயர். அதை வீசிவிடவில்லை, விற்றார்கள். மூட்டுவலிக்கும் வீக்கத்திற்கும் அது மருந்து என்று நம்பினர். உடற்பயிற்சிக் கூடத்து அதிகாரிகள் இந்த எண்ணெய் வழிப்பை 80,000 செஸ்டர்ஸ் வரை விலைக்கு விற்றதாக முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி எழுதுகிறார். மல்லர்களின் செத்த தோலுக்கு அவ்வளவு விலை. இன்று நாம் பேட்டைத் துடைத்துக் குப்பைத்தொட்டியில் எறிவதைப் பிளினி கண்டால் வருந்துவார்.

தன் கையை ஸ்ட்ரிஜிலால் வழித்துக்கொண்டு நிற்கும் இளைஞனின் சிலையை கி.மு. நான்காம் நூற்றாண்டில் லிசிப்பஸ் என்னும் கிரேக்கச் சிற்பி வெண்கலத்தில் வடித்தார். அதை ரோமில் அக்ரிப்பா தாம் கட்டிய குளியல் மாளிகையின் முன்னே நிறுத்தினார். பின்னர் அரசாண்ட டைபீரியஸ் அதன்மேல் ஆசைகொண்டு தன் பள்ளியறைக்கு எடுத்துச் சென்றுவிட்டு, அந்த இடத்தில் வேறொரு சிலையை வைத்தார். மக்கள் நாடக அரங்கில் கூச்சலிட்டுச் சிலையைத் திருப்பிக் கேட்டனர். பேரரசர் திருப்பிக் கொடுத்தார். இதையும் சொல்பவர் பிளினியே. மூலச் சிலை இன்று இல்லை. அதன் பளிங்குப் படி ஒன்று 1849இல் ரோமின் திராஸ்தேவெரே பகுதியில் கிடைத்து, வத்திக்கான் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இதே பொருளில் அமைந்த வேறொரு வெண்கலச் சிலை 1999இல் குரோவேசியாவின் லோஷின் தீவை ஒட்டிய கடலடியிலிருந்து மீட்கப்பட்டது. ஒருவன் தன் தோலை வழித்துக்கொள்வது பேரரசனும் குடிமக்களும் போட்டியிடும் அளவுக்கு அழகான காட்சியாக இருந்திருக்கிறது.

ஆனால் அந்த இளைஞனுக்குக் கை எட்டும், மார்பு எட்டும். முதுகு எட்டாது. அங்கேதான் இன்னொருவர் கை வருகிறது.

ரோமானியக் குளியலகத்தில் செல்வர்கள் தம் அடிமைகளோடு வருவார்கள். எண்ணெய் பூசுவதும் வழிப்பதும் அடிமையின் வேலை. குளியலகம் ஒன்றின் மேல்தளத்தில் குடியிருந்த தத்துவஞானி செனக்கா, கீழிருந்து வரும் ஓசைகளைத் தம் கடிதமொன்றில் வரிசைப்படுத்துகிறார். தேய்ப்பவனின் கை முதுகில் விழும் ஓசையைக் கொண்டே, உள்ளங்கை விரிந்திருக்கிறதா குவிந்திருக்கிறதா என்று அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்கிறது. ஹேட்ரியன் பேரரசரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அதைச் சொல்லும் 'ஹிஸ்டோரியா அகஸ்டா' நம்பகம் குறைந்த நூல் என்பது வரலாற்றாசிரியர் அனைவரும் அறிந்தது. ஆயினும் கதை நல்ல கதை. பொதுக் குளியலகத்தில் மக்களோடு குளிக்கச் சென்ற ஹேட்ரியன், தன் படையில் பணியாற்றிய முதிய வீரன் ஒருவன் முதுகைச் சுவரில் வைத்துத் தேய்ப்பதைக் கண்டார். ஏன் என்று கேட்டார். தேய்த்துவிட எனக்கு அடிமை இல்லை என்றான் அவன். அவனுக்கு அடிமைகளையும் அவர்களைப் பராமரிக்கப் பணத்தையும் அளித்தார் பேரரசர். மறுமுறை அவர் வந்தபோது கிழவர்கள் பலர் வரிசையாகச் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தனர். ஹேட்ரியன் அவர்களை அழைத்து, ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொள்ளுங்கள் என்று ஆணையிட்டாராம்.

இந்தக் கதையைப் படித்துச் சிரித்த மறுகணம், அந்த முதல் கிழவனுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டவர்கள் மனிதர்கள் என்பது உறைக்கிறது. தேய்க்கும் கை எப்போதும் அன்பின் கையாக இருந்ததில்லை.

அளவு மீறித் தேய்ப்பதற்கும் ரோமிலேயே சான்று கிடைக்கிறது. அதுவும் சாதாரண மனிதரிடத்தில் அன்று. அகஸ்டஸ் சீசரின் உடல் வருணனையை எழுதிய சுவெட்டோனியஸ், அவர் மார்பிலும் வயிற்றிலும் சப்தரிஷி மண்டலம்போல் அமைந்த மச்சங்களைக் குறிப்பிட்டுவிட்டு, உடலில் ஆங்காங்கே படர்தாமரைபோல் காய்த்துப்போன தடிப்புகள் இருந்தன என்கிறார். காரணத்தையும் அவரே தருகிறார்: அரிப்பும், அதற்காக ஸ்ட்ரிஜிலை ஓயாமல் அழுத்தித் தேய்த்ததும். நம் கன்னத்து நிழலைக் கண்ணாடியில் பார்த்தபடி இந்த வரியைப் படித்தபோது, பேரரசர் ஒருவரின் துணை கிடைத்த ஆறுதல் உண்டாயிற்று. அவர் அருகில் அடிமைகள் இருந்தார்கள். ஆனால் போதும் என்று சீசரிடம் எந்த அடிமை சொல்வான்?

ரோமின் குளியல் மரபு கிழக்கே துருக்கிய ஹமாம்களில் வேறு வடிவில் தொடர்ந்தது. அங்கே உலோகத் தகடு போய், கேஸே என்னும் சொரசொரப்பான கையுறை வந்தது. ஆண்களுக்குத் தெல்லாக், பெண்களுக்கு நாதிர் எனத் தேய்ப்போர் தனித்தனியே இருந்தனர். கொரியாவில் 1960களில் பூசான் நகரில் உருவான ஒரு சிறு துணிப்பை உறைக்கு 'இத்தாலித் துண்டு' என்று பெயர். துணிக்கு இத்தாலியத் தொடர்பு இருந்ததால் அந்தப் பெயர் நிலைத்தது. வெந்நீரில் நெடுநேரம் ஊறி, அந்த உறையைக் கையில் மாட்டித் தேய்த்தால் தோல் அழுக்கு திரிதிரியாக உருண்டு வரும். கொரியப் பொதுக் குளியலகங்களில் முன்பின் அறியாத இருவர்கூட ஒருவர் முதுகை மற்றவர் தேய்த்துவிடும் வழக்கம் இருந்தது. ஹேட்ரியனின் ஆணையை, அவரை அறியாமலேயே நிறைவேற்றியவர்கள் அவர்கள்.

நம் வீடுகளுக்கு வருவோம். தமிழரின் தேய்ப்புக் குளியல் என்றாலே சிலப்பதிகாரத்தைச் சான்று காட்டும் வழக்கம் ஒன்று உண்டு. கடலாடு காதையில் மாதவி பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் நீராடுகிறாள். ஆகவே அவள் தோல் மினுங்கியது என்று அழகுக் குறிப்பு எழுதுவோர் சொல்வர். காதையை ஒருமுறை திறந்து பார்த்தால், அந்த நீர் ஆட்டியது அவள் கூந்தலை என்பது தெளிவாகத் தெரியும். இளங்கோவடிகளின் பெயரால் முகப்பூச்சு விற்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். வடமொழி மருத்துவத்தில் சான்று நேரடியாக உண்டு. எண்ணெய்க்குப்பின் பொடிகொண்டு தேய்ப்பதை உத்வர்த்தனம் என்று தனியே பெயரிட்டு அதன் பயன்களைச் சொல்கிறது சுசுருத சம்ஹிதை. செங்கல்லால் உடலைத் தேய்ப்பதும் அங்கே பேசப்படுகிறது. துவைக்கும் கல்லில் குதிகாலைத் தேய்த்துக்கொள்ளும் நம் ஊர்ப் பெண்களுக்கு இது வியப்பாக இராது.

நூல்களைவிட நம் நினைவில் தெளிவாக நிற்பது வேறு. பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கார்போகரிசி, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ எல்லாம் காய்ந்து கிடக்கும் முற்றம். அரைவை மில்லில் மிளகாய் அரைத்த கையோடு நலங்கு மாவைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக முதல் ஆளாக நிற்கப் போகும் பெரியம்மா. அரைத்து வந்த மாவை விரலிடையில் நெருடிப் பார்த்து, 'இது குழந்தைக்கு, இது பெரியவங்களுக்கு' என்று இரண்டாகச் சலிப்பார். மாவின் நயத்தில் அளவு அடங்கியிருந்தது. பயற்றம் மாவு எண்ணெயை உறிஞ்சும். அதன் நுண்குருணை தோலின் மேலேட்டை இலேசாக உரசும். தொழில் அவ்வளவுதான். கொல்லையில் முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார் பெரியவர்களின் முதுகுக்கு. முகத்தில் அதை எவரும் வைத்ததில்லை.

கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது தனிக்கலை. பாட்டி மணையில் அமர்ந்து கால்களை நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் குப்புறக் கிடத்துவார். எண்ணெய், பிறகு மாவு, பிறகு வெந்நீர். குழந்தை அழும், அழத்தான் செய்யும். ஆனால் அழுகையின் சுருதி சற்று மாறினால் கை மெதுவாகும். கண்ணை எடுக்காமல், காதாலேயே அளவு பார்த்த கை அது. மணப்பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போதும் தேய்ப்பவர் பலர், தேய்க்கப்படுபவர் ஒருவர். நலங்கு என்பது சடங்காக நிலைத்தபின் தேய்ப்பது பாவனையாகச் சுருங்கி, கன்னத்தில் இரண்டு இழுப்போடு முடிந்துவிடுகிறது.

இதைப் பொற்காலமாக்க நமக்கு விருப்பமில்லை. பல ஊர்களில் பிள்ளையைக் குளிப்பாட்ட வந்தவர் பாட்டி அல்லர், மருத்துவச்சி. பின்வாசல் வழியே வந்து, அந்த வழியே போனவர். அவர் கை தெரிந்து வைத்திருந்த அளவுக்கு வீட்டார் கொடுத்தது படி நெல்லும் பழைய சேலையும். தீபாவளி எண்ணெய்க் குளியலில் அம்மாவின் கை ஆண்பிள்ளைக்கு முதலில் போகும் என்பதையும் பெண்பிள்ளைகளாகப் பிறந்தவர்கள் மறந்திருக்க மாட்டோம். ஆயினும் அந்தக் கைகளுக்கெல்லாம் பொதுவான ஒன்று இருந்தது: தேய்ப்பவர் வேறு, வலிப்பவர் வேறு. வலிப்பவர் 'ஆ' என்றால் தேய்ப்பவர் நிறுத்துவார். குளியலறைக்குத் தாழ்ப்பாள் வந்தபின் இருவரும் ஒருவராயினர்.

தேய்த்து எடுப்பது எதை? தோலின் ஆக மேலேயுள்ள கொம்புப் படலத்தை. முகத்திலும் கையிலும் அது பதினைந்து இருபது ஏடுகள் அடுக்கிய மெல்லிய படலம். மொத்தக் கனம் ஒரு தாளின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அடியில் பிறக்கும் செல்கள் மேல்நோக்கி நகர்ந்து, செத்துத் தட்டையாகி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் உதிர்கின்றன. வயது ஏற ஏற இந்தப் பயணம் தாமதமாகிறது. ஏடுகள் உதிராமல் தங்கிவிடுவதால் தோல் சொரசொரப்பாகவும் மங்கலாகவும் தோன்றுகிறது. இதை வெறும் குப்பை என்றே நெடுங்காலம் எண்ணினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இது உடலின் மதிற்சுவர் என்பது தெளிவாயிற்று: செத்த செல்கள் செங்கற்கள், அவற்றின் இடையே உள்ள கொழுப்பு சாந்து. சுவரின் பாசியைச் சுரண்டுவது நல்லதே. சாந்து பெயர்ந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும், வெளியிலிருப்பது உள்ளே வரும். நம் கன்னம் சோப்புக்கு எரிந்தது இதனால்தான்.

சுரண்டலுக்குப் பதில் கரைக்கலாம் என்ற எண்ணம் ஜெர்மானியரிடமிருந்து வந்தது. வில்லோ மரப்பட்டையோடு தொடர்புடைய சாலிசிலிக் அமிலத்தை 1874இல் டிரெஸ்டன் அருகே ஆலையில் பெருமளவில் செய்யத் தொடங்கினர். ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா, சாலிசிலிக் அமிலமும் ரிசார்சினாலும் ஃபீனாலும் தோலை உரிக்கும் விதத்தை 1882இல் விவரித்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவர் அல்லாதோர் அமெரிக்காவில் இரகசியக் கலவைகளால் முகத்தோல் உரித்துப் பணம் பார்த்தனர். அவற்றில் ஃபீனால் இருந்தது. அது தோல் வழியே இறங்கி இதயத்தையே தடுமாறச் செய்யக்கூடியது.

இன்றைய பேட்டின் நேரான பாட்டனார் 1974இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை. எழுதியவர்கள் யூஜின் வான் ஸ்காட், ருயே யூ என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள். அவர்கள் அழகைத் தேடிப் போகவில்லை. இக்தியோசிஸ் என்றொரு நோய்; கிரேக்கத்தில் மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். உடல் முழுவதும் செதிள் செதிளாகத் தோல் தடித்து வெடிக்கும். பிறவியிலேயே வரும் இந்நோயாளிகளின் தோலில் பல பொருள்களைப் பூசிப் பார்த்த இருவரும், ஆல்ஃபா ஹைட்ராக்ஸி அமிலங்கள் என்னும் ஒரு குடும்பம் செதிள்களைக் கழலச் செய்வதைக் கண்டனர். மேலிருந்து சுரண்டாமல், கொம்புப் படலத்தின் அடி ஏடுகளில் செல்களைப் பிணைக்கும் பிடிப்பைத் தளர்த்துவது அவற்றின் வழி. மீன்தோலோடு பிறந்தவர்களுக்குக் கிடைத்த அந்த ஆறுதல், இருபது ஆண்டுகளுக்குள் நல்ல தோல் உடையவர்களின் அலமாரிக்கு இடம்பெயர்ந்தது. நம் தோழியின் டப்பாவும் அந்த வழியில் வந்ததே.

அந்தக் குடும்பத்தின் உறுப்பினர்கள் நம் அடுக்களைக்கு அந்நியர் அல்லர். புளித்த பாலில் லாக்டிக் அமிலம், கரும்பில் கிளைகாலிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம். களிம்பேறிய பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கும் கைக்கு இந்த வேதியியல் ஓரளவு தெரியும். கிளியோபாத்ரா பாலில் குளித்த கதையை இங்கே எல்லோரும் சொல்வர். அதற்கு உறுதியான சான்று இல்லாததால் விட்டுவிடுகிறோம். அடுக்களையில் இருப்பதால் ஆபத்தில்லை என்பதும் பிழை. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு ஏறக்குறைய 2. 1998இல் அமெரிக்க அழகுப்பொருள் மதிப்பீட்டுக் குழு வீட்டுப் பயன்பாட்டுக்கு வகுத்த எல்லை, அமிலம் 10 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் பிஎச் 3.5க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது. அந்தக் கணக்கில் எலுமிச்சை எல்லையைவிட ஏறக்குறைய 30 மடங்கு புளிப்பு. வார இதழ்களின் இணைப்புகளில் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து முகத்தில் தேய்க்கச் சொல்வோர் இதை எண்ணிப் பார்ப்பது நலம்.

சுரண்டல் வழியும் ஓய்ந்துவிடவில்லை. பாத்திரம் துலக்கும் பச்சை நாரைத் தந்த 3எம் நிறுவனம் 1970களில் முகத்துக்கென்றே நெய்யாத செயற்கை நார் வட்டை விற்றது. பிறகு பிளாஸ்டிக் மணிகள் கலந்த ஸ்க்ரப் வகைகள் வந்தன. கழுவிய மணிகள் ஆறுகளிலும் ஏரிகளிலும் சேர, 2015இல் அமெரிக்கா அவற்றைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. இப்போதைய பேட் இரண்டையும் இணைத்தது: பஞ்சின் உரசலும் அமிலத்தின் கரைப்பும் ஒரே வட்டில். கையில் எந்தத் தடையும் தெரிவதில்லை. மாவு நெருடும், நார் குத்தும், ஸ்ட்ரிஜில் கீறும். பேட் வழுக்கிக்கொண்டு போகிறது. வேலை நடப்பது பிறகு, நாம் உறங்கும்போது.

அமிலம் பட்ட தோலுக்கு வெயில் கூடுதலாகச் சுடும் என்பதும் அளந்து கண்டதே. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் முன்முயற்சியில் நடந்த ஆய்வில், நான்கு வாரம் அமிலம் பூசியவர்களின் தோல் புற ஊதாக் கதிருக்குச் சிவக்கும் தன்மை 18 விழுக்காடு கூடியது. பூசுவதை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பியது. 2005இல் அந்நிர்வாகம், வெயில் பற்றிய எச்சரிக்கையை இத்தகைய பொருள்களின்மேல் அச்சிடுமாறு அறிவுறுத்தியது. நம் டப்பாவிலும் அது இருந்தது. அடிப்புறத்தில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் எட்டாத எழுத்தில்.

நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. வெளுத்த தோல் எரிச்சலுற்றால் சிவந்து ஆறிவிடும். நம் தோல் எரிச்சலுற்றால் நிறமியைச் சுரந்து கறுக்கும். அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் தங்கும். 1980களில் ஜப்பானிய மருத்துவர்கள், நைலான் துண்டால் அழுத்தித் தேய்த்துக் குளிப்போரின் எலும்பு மேடுகளின்மீது கருநிழல் படிவதை எழுதினர். முதுகிலும் மேற்கையிலும் சாம்பல் கலந்த கருமையோடு வருவோரிடம் நம் நாட்டுத் தோல் மருத்துவர்களும் எதைக்கொண்டு தேய்க்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். கொடுமை என்னவென்றால், அந்தக் கருமையை அழுக்கென்று எண்ணி மேலும் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க அது அடரும். வழவழப்பை விற்பவர்கள் வெண்மையையும் சேர்த்தே விற்கும் நம் ஊரில், இந்தச் சுழலில் சிக்கியவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வகுப்பறையில் முன்வரிசை மாணவி ஒருத்தியின் கன்னத்தில் அதே புளியங்கொட்டை நிழலைக் கண்டு, இடைவேளையில் அழைத்து நம் கதையைச் சொன்னோம். அவள் தேய்த்தது காப்பித்தூளும் சர்க்கரையும்.

முகம் தேறியபின் மருத்துவர் பேட்டை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. வாரத்துக்கு இருமுறை, இரவில் மட்டும். தேய்க்காமல் ஒரே ஒரு முறை ஒத்தி இழுத்துவிட வேண்டும். அன்று வேறு ஸ்க்ரப்போ முகப்பருக் களிம்போ கூடாது. மேலே ஈரப்பத களிம்பு. மறுநாள் வெயில் காப்புக் களிம்பு கட்டாயம். முதலில் தாடை ஓரத்தில் சிறிது பூசிச் சில நாள் பார்க்க வேண்டும். சுருக்கென்று தொடங்கிய எரிச்சல் நீடித்தால் உடனே கழுவிவிட வேண்டும். சொல்லிவிட்டு, "உங்க முகம்தான் மேடம் இனிமே உங்களுக்கு டாக்டர்" என்றார். நாம் அந்தப் பொறுப்புக்குத் துணியவில்லை. மீந்த பேட்டுகளைக் குதிகால் வெடிப்புக்குப் பயன்படுத்தி முடித்தோம். குதிகால் இப்போது நன்றாக இருக்கிறது.

வீட்டில் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. தோள்மூட்டு வலி வந்தபின் முதுகுக்குக் கை எட்டுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் பீர்க்கை நாரை வெந்நீரில் ஊறவைத்து நாம் தேய்த்து விடுகிறோம். நடு முதுகில், "அங்கதான், இன்னும் கொஞ்சம்" என்பார். தோள்பட்டைக்கு அருகே தோல் மெலிந்து தளர்ந்திருக்கும் இடத்துக்கு நார் வந்ததும், "போதும்டி, கையெடு" என்பார்.